பேட்டரி படுத்தாலும் கலப்பை இழுக்காவிட்டாலும்: பழைய டிராக்டரில் எங்கே தேடுவது?

கோடை மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் உழவுப் பதம் மூன்று நாளோ நான்கு நாளோதான் நிற்கும். பழைய டிராக்டர் தன் குணத்தைக் காட்டுவதும் சரியாக அந்த நாட்களில்தான். காலையில் செல்ஃப் எடுக்காது. ஆள் கூட்டித் தள்ளிக் கிளப்பிக் காட்டுக்குக் கொண்டுபோனால் கலப்பை இறங்காது. இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டால் அது பீடி நெருப்பைப் போல மினுங்கும்.

இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி வாங்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். முதல் பேட்டரியே கெட்டிருக்கவில்லை என்பது மூன்றாவதை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கலப்பை விஷயத்திலும் அப்படித்தான். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று நாள் குறித்த பிறகு, குறை டயரில் இருந்தது தெரியவந்தது.

இங்கே சொல்வது மாஸ்ஸி ஃபெர்குசன் 35 குடும்பத்து வண்டிகளை மனத்தில் வைத்து. 1956இல் இங்கிலாந்தில் ஃபெர்குசன் 35 என்ற பெயரில் வந்து, பின்னர் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பெற்ற வண்டி அது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வழியே அந்தக் குடும்பம் நம் காடுகளுக்கும் வந்து, 1035 என்ற பெயரில் வேரூன்றியது. டைனமோவும் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது) கட்-அவுட் பெட்டியும் (அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போவதைக் கட்டுப்படுத்துவது) உள்ள மற்ற பழைய டீசல் வண்டிகளுக்கும் இந்த அளவுகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

தேவையான கருவிகள்: ஒரு சாதாரண மல்டிமீட்டர், பேட்டரி நீரின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், கம்பி பிரஷ், அளவு நாடா, ஒரு சாக்குக்கட்டி. சாக்குக்கட்டி எதற்கு என்பது கலப்பைப் பகுதியில் வரும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

முதல் வேலை, பேட்டரியைக் கழற்றாமல் இருப்பது. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். அதற்கும் கீழே என்றால் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதில் பொருளில்லை. முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

12.5க்கு மேல் இருந்தும் செல்ஃப் திணறுகிறதா? மீட்டரை அதே இடத்தில் வைத்துக்கொண்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்குள் தெம்பில்லை. 11.5 அளவிலேயே நின்றுகொண்டு செல்ஃப் மட்டும் முனகினால் பேட்டரி நல்லது. மின்சாரம் வழியில் எங்கோ தேங்குகிறது.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். மூன்றாவது பேட்டரியும் படுத்த அன்று, பக்கத்து ஊரில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவரைக் கூட்டி வந்தேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, பேட்டரியை எத்தனை தடவை அளப்பாய்? எர்த் வயரை அளந்தாயா?” என்றார்.

“எர்த் வயரில் என்ன அண்ணாச்சி அளப்பது? அது வெறும் கம்பிதானே?”

“வெறும் கம்பிதான். மீட்டர் வயரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வை. இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் வை. இப்போது செல்ஃப் அடி.”

மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. அங்கே 0.3க்கு மேல் காட்டக் கூடாது. எர்த் வயர் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டை அவர் கழற்றினார். வயர் முனையின் அடியில், முந்தைய ஆண்டு நானே ஆசையாக அடித்த சிவப்புப் பெயின்ட் முழு வட்டமாக இருந்தது. அதன் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த தூள். கத்தியால் சுரண்டி, இரும்பு வெள்ளி போல மின்னும்வரை கம்பி பிரஷால் தேய்த்து, முறுக்கிக் கட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். மறுபடி அளந்தபோது 0.1. செல்ஃப் அடித்த சத்தத்தில் வேப்பமரத்துக் காகம் பறந்தது. மூன்று பேட்டரியின் விலை அந்தப் பெயின்ட் வட்டத்துக்குள் இருந்தது.

பிளஸ் பக்கத்தையும் இதே வழியில் பாருங்கள்: பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5க்குள் இருக்கவேண்டும். அதிகமானால் செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சாலினாய்டின் உள்தொடுப்பு கருகியிருக்கலாம், அல்லது வயர் முனை உள்ளே அரித்திருக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் பிளஸ் முனைதான் எர்த்தாக இருக்கும். அங்கே அளவுகள் அவையே, பக்கம் மட்டும் மாறும்.

‘டக்’ சத்தம்கூட இல்லையென்றால் வேறு கதை. இந்த வண்டியில் வேக வரிசையை மாற்றும் ஹை-லோ நெம்புகோல் நடுவில் ஸ்டார்ட் நிலையில் இருந்தால்தான் செல்ஃபுக்கு மின்சாரம் போகும். நெம்புகோல் சரியாக இருந்தும் எடுக்காவிட்டால், அதனடியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சின் தொடுப்பைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை சாலினாய்டின் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கக் கிளப்பும் வித்தை மட்டும் வேண்டாம். வண்டி கியரில் இருந்தால், பெரிய சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்பவரின் மேலேயே வண்டி ஏறும்.

பேட்டரி புதிது, வயரும் சுத்தம். ஆனாலும் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறது

பலரும் நம்பாத ஒரு கணக்கு. டீசல் எஞ்சினைக் கிளப்பச் செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கிறது, பத்து விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 ஆம்பியர்-விநாடி. அதாவது ஒரு ஆம்பியர்-மணிகூட இல்லை. 75 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் அது ஒரு மிடறு. டைனமோ ஒழுங்காக இருந்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே மூன்று நாளில் பேட்டரி காலியாகிறதென்றால், திரும்பி வரவேண்டியது வரவில்லை, அல்லது எங்கோ கசிகிறது.

முதலில் பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கலாம். புல்லியின் பள்ளத்துக்குள் எட்டிப் பாருங்கள்: அடித்தளம் கண்ணாடிபோலப் பளபளத்தால் பெல்ட் தேய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டது. பெல்ட் பிடிக்க வேண்டியது இரு பக்கச் சுவரை. அடியைத் தொட்ட பெல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். பேரிங் மட்டும் போகும்.

அடுத்து டைனமோ. லூகாஸ் வகை டைனமோவின் பின்னால் இரண்டு முனைகள் உண்டு: பெரியது டி, சிறியது எஃப். இரண்டு வயரையும் கழற்றி, அடையாளம் இட்டு, ஓரமாகக் கட்டிவிடுங்கள். டியையும் எஃபையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அந்த இணைப்புக்கும் டைனமோ உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து எஞ்சினை ஐடிலில் ஓட விட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றுங்கள். முள் தடங்கலின்றி 12, 15, 18 என்று ஏறினால் டைனமோவுக்கு நோயில்லை. 20ஐத் தொட்டதும் இறக்கிவிடுங்கள். கடிவாளம் இல்லாத குதிரையைப் போல அது இன்னும் ஏறும், எரிந்துபோகும்.

ஏறாவிட்டால், எங்கே நிற்கிறது என்பதே நோயின் பெயர். அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் உள்ளே காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலைச் சந்தேகியுங்கள். நான்கு, ஐந்து வோல்ட்டில் திணறினால் சுழலும் பாகமான ஆர்மேச்சர். அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், சிக்கியிருக்கும், அல்லது டைனமோ தன் காந்தத்தை மறந்திருக்கும்.

காந்தத்தை மறப்பதா என்றால், ஆம். டைனமோவின் இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தம்தான் முதல் வோல்ட்டைப் பிறப்பிக்கிறது. ஆறு மாதம் கொட்டகையில் நின்ற வண்டியிலும், பேட்டரியைத் தலைகீழாக மாட்டிய வண்டியிலும் அது அழியலாம், திசை மாறலாம். எஞ்சின் ஓடாத நிலையில், எஃப் வயர் கழன்றிருக்கும்போது, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவின் எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். நினைவு திரும்பிவிடும்.

பிரஷ்ஷைக் கழற்றினால் அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரையும் பாருங்கள். கறுத்திருந்தால் மெல்லிய கண்ணாடித் தாளால் தேய்க்கலாம். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் செம்புக் கீற்றுகளுக்கு இடையே உட்கார்ந்து மின்சாரத்தைக் கடத்தும்.

டைனமோ தேறிவிட்டதா? இரு வயர்களையும் பழையபடி மாட்டி, கட்-அவுட் பெட்டியின் முனையில் இதே இரண்டையும் கழற்றி இணைத்து மறுபடி அளங்கள். அங்கே வோல்ட் வரவில்லையென்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. எலிக்கும் இதில் பங்கு உண்டு. வந்தால், குறை பெட்டிக்குள். மூடியைத் திறந்து பார்க்கலாம். எஞ்சின் வேகம் ஏற ஏற, 13 வோல்ட்டை ஒட்டிக் கட்-அவுட்டின் தகடு ‘டிக்’ என்று ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் தொடுப்புகளைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் திருகுகளைக் கண்மதிப்பில் திருப்பிச் சரிசெய்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. திருப்பிக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆம்பியர் மீட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. கிளப்பியதும் 10, 15 ஆம்பியர் காட்டிவிட்டு, அரை மணியில் முள் நடுவுக்கு அருகே வந்து படுத்துக்கொள்வது இயல்பு. பேட்டரி வயிறு நிறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். ஐடிலில் சார்ஜ் காட்டாததும் பழுதல்ல. மெதுவான சுற்றில் டைனமோவால் பேட்டரியை வெல்லும் வோல்ட் தர இயலாது. டிப்பரோடு கரும்பு ஆலை வாசலில் அரை நாள் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு இதுவே கேடு.

எஞ்சின் நின்ற பிறகும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே இருக்கிறது

உடனே எர்த் வயரைக் கழற்றுங்கள். கட்-அவுட்டின் தொடுப்பு உருகி ஒட்டிக்கொண்டால், பேட்டரி திரும்பி டைனமோவை மோட்டாராக்கப் பார்க்கும். எஞ்சின் நின்று அரை மணியான பிறகு டைனமோ உடலைத் தொட்டால் சூடு ஏறிக்கொண்டே இருந்தால் உறுதி. ஒரு இரவில் பேட்டரி காலி. சில நேரம் டைனமோவும் காலி.

முள் அசையாமல், ஆனால் பேட்டரி மட்டும் காலையில் இறங்கியிருந்தால், எர்த் வயரைக் கழற்றி அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் சிறு பல்பை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு மினுங்கினால் கசிவு உண்டு. ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். பல்பு அணையும் வயர்தான் திருடன். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை அது பிற்பாடு மாட்டிய பாட்டுப் பெட்டியின் வயர்.

பேட்டரி தண்ணீராகக் குடிக்கிறது

வாரம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்டால், மேல்மூடியைச் சுற்றி ஈரம் படிந்தால், அதிக சார்ஜ். பெட்டியை மாற்றுமுன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கட்-அவுட் பெட்டியின் சொந்த எர்த் வயர். அது தளர்ந்தால் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் சுருள் வேலை செய்யாது, டைனமோ கட்டுப்பாடின்றி ஓடும். இரண்டு, டி வயரும் எஃப் வயரும் உறை உரிந்து எங்கோ ஒன்றையொன்று தொடுகிறதா என்று. தொட்டால், மேலே நாம் சோதனைக்காகச் செய்த இணைப்பு நிரந்தரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு அறையில் ஒன்று மட்டும் குடித்தால் கோளாறு சார்ஜில் இல்லை, அந்த அறையில்தான். முழு சார்ஜுக்குப் பின் ஹைட்ரோமீட்டரால் ஆறையும் அளங்கள். ஒரு அறை மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். இப்போது கடைக்குப் போகலாம், இப்போது மட்டும்.

வெளியே சார்ஜ் ஏற்றுவதானால், ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு போதும்: 75க்கு 7.5 ஆம்பியர். ஒரு மணியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால் தகடு வளையும். கொதிக்கும் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி கூடாது.

பகல் உழவில் குறையில்லை, இரவு உழவில்தான்

இது பழுதே அல்ல, கணக்கு. பழைய டைனமோ 20 ஆம்பியரை ஒட்டித்தான் தரும். அதனோடு வந்த விளக்குகளுக்கு அது போதும். நாம் என்ன செய்கிறோம்? முன்னால் 100 வாட் பல்பு இரண்டு. 200 வாட்டை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர். பின்னால் கலப்பையைப் பார்க்க ஒரு 55 வாட் விளக்கு, இன்னும் நாலரை. மொத்தம் 21க்கு மேல். டைனமோ முழு மூச்சில் ஓடினாலும் பேட்டரிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வரப்பிலும் திரும்பும்போது ஆக்சிலேட்டரைக் குறைக்கிறோம். அப்போதெல்லாம் விளக்கு பேட்டரியிலிருந்தே குடிக்கிறது. ஐந்து மணி நேர இரவு உழவுக்குப் பின் வண்டியை நிறுத்தினால், காலையில் தள்ளத்தான் வேண்டும். 20 வாட் எல்இடி விளக்குகள் மூன்று மாட்டினால் மொத்தமே 5 ஆம்பியர். பெரிய பேட்டரி இந்தக் குறைக்கு மருந்தல்ல. ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம்.

டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டுவது நல்ல யோசனை. ஐடிலிலேயே சார்ஜ் தரும், ஓட்டத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். ஆனால் பிளஸ் எர்த் வண்டியை முதலில் மைனஸ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். பழைய கட்-அவுட் பெட்டியை முழுவதும் விலக்க வேண்டும். அதிக ஆம்பியர் தாங்கும் தடித்த வயர் இழுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கலப்பைக் கொத்து உடைந்தால் வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. டைனமோ அதைத் தாங்கும். ஆல்டர்னேட்டரின் டையோடு தாங்காது. பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிய பிறகே வெல்டிங்.

எஞ்சின் தெம்பாக இருக்கிறது, சக்கரம்தான் சுற்றுகிறது

இனி கலப்பை. ‘35 குதிரைத்திறன் வண்டி, மண்ணைப் புரட்டும் இரண்டு இறக்கைக் கலப்பையை இழுக்கவில்லை, எஞ்சின் போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டதா?’ என்பதே நான் அதிகம் கேட்கும் கேள்வி. விடையைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

35 குதிரைத்திறன் என்பது 26 கிலோவாட். கியரிலும் மண்ணிலும் போவது போக, கலப்பையை இழுக்க மிஞ்சுவது பதினைந்து, பதினாறு கிலோவாட். மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 1,250 கிலோ எடைக்குச் சமமான இழுவை. இது எஞ்சின் தரக்கூடியது. டயர் பிடிக்கக்கூடியது எவ்வளவு? 1,700 கிலோ வண்டியில் பின்சக்கரத்தின் மேல் 1,050 கிலோ. கலப்பையின் பாரம் சேர்ந்து 1,350 என்று வைத்துக்கொள்வோம். உழவுப் பதத்து மண்ணில் டயரால் இதில் பாதியைச் சற்றே தாண்டிய அளவைத்தான் இழுவையாக மாற்ற முடியும்: 700, 750 கிலோ. எஞ்சின் முழுத் தெம்பைக் காட்டுமுன்னே டயர் வழுக்கிவிடும்.

கலப்பை கேட்பது எவ்வளவு? 30 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு இறக்கை, 20 சென்டிமீட்டர் ஆழம்: வெட்டுமுகம் 1,200 சதுர சென்டிமீட்டர். மணல் கலந்த செம்மண் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அளவுக்கு எதிர்க்கும்; மொத்தம் 360. சிரிப்போடு இழுக்கும். இறுகிய களிமண்ணோ 0.7, 0.8 என்று எதிர்க்கும்; மொத்தம் 840லிருந்து 960. அங்கே அந்த வண்டிக்கு ஒரே இறக்கைதான். ‘அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்’ என்று பெரியவர்கள் சொன்னதை இங்கே நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்: ஒன்பது கொத்துள்ள கலப்பையில் ஓரத்துக் கொத்து இரண்டைக் கழற்றுங்கள், ஆழம் தானாக வரும்.

இப்போது சாக்குக்கட்டி. பின்டயரின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே காட்டில் ஓட்டி, கோடு பத்து முறை கீழே வரும் தூரத்தை அளங்கள். 12.4-28 டயருக்கு 38 மீட்டர் அளவில் வரும். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதபடி அதே பத்துச் சுற்று. 32 மீட்டர் வந்தால் வழுக்கல் 6ஐ 38ஆல் வகுத்து, 16 விழுக்காடு. பத்திலிருந்து பதினைந்து வரை நல்ல உழவு. எங்கள் வண்டியை முதன்முதலில் அளந்த அன்று 26 மீட்டர்தான் வந்தது. மூன்று லிட்டர் டீசலில் ஏறத்தாழ ஒரு லிட்டர் டயரைத் தேய்க்கவே செலவாகியிருக்கிறது.

வழுக்கல் அதிகமென்றால் வரிசையாக: டயர் பட்டைகளின் உயரம், காற்று, எடை. காட்டில் பின்டயருக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ போதும். ரோட்டுக்கு ஏற்றிய காற்றோடு உழவுக்கு இறங்குவது நம் வழக்கமான தவறு; டயர் உருண்டையாகி நடுவில் மட்டும் மண்ணைத் தொடும். எடைக்கு டயரில் தண்ணீர் ஏற்றலாம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வால்வு மட்டம் வரும்வரை நிரப்பினால் முக்கால் பங்கு. இந்த அளவு டயரில் ஏறக்குறைய 150 லிட்டர். இரண்டிலுமாக 300 கிலோ. மேற்சொன்ன கணக்கில் இது 150 கிலோ கூடுதல் இழுவை. வயலில் சேறடிக்கும்போது இந்த எடையே எதிரி. அங்கே கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம்தான்.

எதுவும் செய்யுமுன் ஒரு பிடி மண்ணை உழவு ஆழத்திலிருந்து எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் பதம். தட்டையாக அப்பினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், வண்டியில் குறையில்லை.

சக்கரம் பிடிக்கிறது, எஞ்சின்தான் திணறுகிறது

புகையைப் பாருங்கள். சுமையில் கறுப்புப் புகை தள்ளிக்கொண்டு திணறினால் டீசல் வருகிறது, காற்று வரவில்லை. எண்ணெய்த் தொட்டி வகை ஏர் ஃபில்ட்டரைக் கழற்றினால் அடியில் எண்ணெய்க்குப் பதில் கரிசல் களி இருக்கும். புழுதி உழவில் இதைத் தினமும் பார்க்கவேண்டும். காற்று சரியாக இருந்தும் கறுப்பென்றால் இன்ஜெக்டர், அல்லது வெறும் அதிக சுமை.

புகையே இல்லாமல் மெல்ல மெல்லச் சோர்ந்தால் டீசல் போதவில்லை. டீசல் ஃபில்ட்டரைக் கழற்றுமுன் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியின் மூச்சுத் துளை அடைத்து, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, வண்டி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோவதை ஒரு பட்டறையில் பம்ப் பழுது என்று சொல்லிக் கழற்றியே விட்டார்கள். நீலப் புகையும் எண்ணெய்ச் செலவும் சேர்ந்து வந்தால்தான் போர், ரிங் பேச்சு.

கலப்பை இறங்கவில்லை, இறங்கினால் குதிக்கிறது

இறங்காவிட்டால் முதலில் கொழு. மழுங்கிய கொழுவை மாற்றாமல் கலப்பையின் மேல் கல் ஏற்றுவது வீண். அடுத்து, கலப்பையின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் கம்பியான டாப் லிங்க்: சுருக்கினால் கொழுவின் மூக்கு மண்ணை நோக்கிக் குனியும், ஆழம் போகும், நீட்டினால் நிமிர்ந்து மேலே வரும். ஒரு நேரத்தில் இரண்டு சுற்றுக்குமேல் திருப்பாதீர்கள். சட்டிக் கலப்பையில் சட்டியின் சாய்வைக் குறைத்து நிமிர்த்தினால் இறுகிய மண்ணில் நன்றாக இறங்கும்.

குதிப்பது பெரும்பாலும் ஹைட்ராலிக் விஷயம். ஹாரி ஃபெர்குசனின் வடிவமைப்பில், கலப்பை இழுக்கும் சுமை டாப் லிங்க் வழியாக ஒரு கெட்டியான ஸ்பிரிங்கை அழுத்துகிறது. சுமை கூடினால் லிஃப்ட் கலப்பையைச் சிறிது தூக்கும், குறைந்தால் இறக்கும். அந்த ஸ்பிரிங்கின் இருக்கை தேய்ந்து முன்னும் பின்னும் ஆட்டம் கண்டால், லிஃப்டுக்குச் செய்தி தாமதமாகப் போய், கலப்பை தலையாட்டிக்கொண்டே வரும். டாப் லிங்க்கைக் கழற்றி, ஸ்பிரிங் முனையைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். விரலால் சுழற்ற முடியலாம், ஆனால் முன்பின் ஆட்டம் கூடாது.

ஆட்டம் இல்லையென்றால், கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். மெதுவாக இறங்குவது வயதின் கோளாறு. ஒரு நிமிடத்துக்குள் தரையைத் தொட்டால் உள்ளே பிஸ்டன் ரிங்கோ வால்வோ கசிகிறது. பின் ஆக்சில் எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் லிஃப்ட் நிற்பது பழுதல்ல, அதன் அமைப்பே அது. எந்தச் சோதனையிலும் தூக்கிய கலப்பைக்கு அடியில் கையோ காலோ வேண்டாம்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இரண்டு பின்டயரின் காற்றையும் ஒப்பிடுங்கள். பிறகு கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் இரண்டு செயின்களின் இறுக்கம். பிறகு வலது தூக்குக் கம்பியின் நீளம். பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும்.

முன்சக்கரம் தூக்குகிறது

ஸ்டியரிங் இலகுவாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். முன்னச்சில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். முன் எடைக் கட்டிகள் போடுங்கள், அல்லது கலப்பையைக் குறையுங்கள். எதையாவது சங்கிலி கட்டி இழுப்பதானால் பின் ஆக்சிலுக்குக் கீழே உள்ள டிராபாரில் மட்டும் கட்டவேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினால், இழுபொருள் அசையாதபோது வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். ஓட்டுநர் குதிக்க நேரம் இருக்காது. சேற்றில் சிக்கிய வண்டியின் பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி ஏற்றுவதும் அதே ஆபத்துதான்: கட்டை சேற்றில் பிடித்துக்கொள்ளும், சக்கரம் நிற்கும், வண்டி ஆக்சிலைச் சுற்றி மேலே கிளம்பும். கலப்பையைக் கழற்றிவிட்டு ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே மெல்ல எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இறங்கிவிட்டு இன்னொரு வண்டியை அழையுங்கள்.